சரவை பார்த்தலும் சாட்சியமும்: ஆய்வேடு திருத்துவோர் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் கடைசியாக வந்து நிற்கிற இடமொன்று யாழ்ப்பாணத்தில் எப்போதும் உண்டு. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார், ஒப்படைக்கும் திகதி நெருங்கிவிட்டது, புத்தகம் கட்டுகிறவரிடம் கொடுக்க ஒரு கிழமைதான் இருக்கிறது என்ற நிலையில், "சேர், இதை ஒருக்காச் சரவை பாத்துத் தாங்கோ" என்று தாள்க்கட்டோடு வருவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக என் வீட்டு விறாந்தையும் அப்படியோர் இடம்தான். காலையில் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஆய்வேடும் ஆய்வுக் கட்டுரையும் திருத்துகிறேன். அதற்குக் காசும் வாங்குகிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் குறை சொல்லப்போகிற தொழிலில் எனக்கும் பங்குண்டு என்பதை வாசகர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நம் சமூகத்தில் கடந்த சில ஆண்டுகளாக ஆய்வு பெருகியிருக்கிறது. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம், மீள்குடியேற்றம், பள்ளிவாசல் வரலாறு, இஸ்லாமியத் தமிழ் இலக்கியம், பேச்சுவழக்கு என்று பல தலைப்புகளில் சிறப்புக் கலைமாணி, முதுகலைமாணி, முதுதத்துவமாணி ஏடுகள் வருகின்றன. இது மகிழ வேண்டிய சங்கதி. ஆனால் இந்த ஏடுகள் எப்படித் திருத்தப்படுகின்றன, யார் திருத்துகிறார்கள், எதைத் திருத்துகிறார்கள் என்று நம்மில் ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை. புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம். அந்தப் புத்தகத்தின் வசனங்களைக் கடைசியாகத் தொட்ட கையைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். "சரவை பார்த்தல்" என்று யாழ்ப்பாணத்தில் பொதுவாகச் சொல்லும் ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் கிடக்கின்றன. மூலப்பிரதியில் உள்ளபடியே அச்சுப்பிரதி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பது ஒப்புநோக்குதல். நமது பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்குநர் என்று தனியாக ஆட்கள் இருந்தார்கள். எழுத்துப்பிழை, சந்தி, வாக்கிய அமைதி, பெயர்களின் ஒருமைப்பாடு, மேற்கோள் முறை ஆகியவற்றைச் சீராக்குவது செவ்விதாக்கம். கருத்தையும் வாதத்தையும் மாற்றியமைப்பது மூன்றாவது. அது திருத்துபவரின் வேலையே இல்லை. அது எழுதியவரின் வேலை, அல்லது மேற்பார்வையாளர் எழுதியவரைக் கொண்டு செய்விக்க வேண்டிய வேலை. நம்மிடம் வரும் பிள்ளை மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறது. நாமும் பல வேளைகளில் மூன்றையும் சேர்த்துத்தான் செய்து கொடுக்கிறோம். கோளாறு இங்கே தொடங்குகிறது.

வெளிநாடுகளில் இது ஒழுங்கான தொழில். ஆங்கிலத்தில் எழுதுவோருக்காக எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர் போன்ற பெரிய வெளியீட்டகங்களே கட்டணத்துக்கு மொழித் திருத்தச் சேவை நடத்துகின்றன. எடிட்டேஜ், எனாகோ போன்ற நிறுவனங்களும் உண்டு. அவுஸ்திரேலியாவில் தொழில்முறைப் பதிப்பாசிரியர் சங்கம் ஆய்வேடு திருத்துவோருக்கென்று தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. செவ்விதாக்கத்தோடும் ஒப்புநோக்கோடும் திருத்துபவர் நின்றுகொள்ள வேண்டும், உள்ளடக்கத்திலும் வாதத்திலும் கைவைக்கக்கூடாது, திருத்தியவர் யாரென்பது ஏட்டிலே சொல்லப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தமிழில் எழுதும் நம் மாணவருக்கு இப்படியொரு எல்லைக்கோட்டை எவரும் கீறிக் கொடுத்ததாக என் விறாந்தைக்கு வந்த ஏடுகளில் நான் காணவில்லை. தெரிந்த தமிழ் வாத்தியார், தெரிந்த ரைப்செற்றிங் கடை, தெரிந்த அண்ணர் என்றபடிதான் ஓடுகிறது.

கோடு இல்லாவிட்டாலும் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நான் இருக்கும் இடத்திலிருந்து நல்லூர் கூப்பிடு தூரம். ஆறுமுக நாவலர் (1822-1879) 1849இல் சென்னையிலே அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதும், பின்னர் "நாவலர் பதிப்பு" என்றாலே பிழையில்லாதது என்று பெயர் எடுத்ததும் பாடப்புத்தகத்திலேயே படித்த விஷயங்கள். அந்தக் காலத்து நூல் முகப்புகளில் "பரிசோதித்து" என்றொரு சொல் வரும். 1868இல் வெளிவந்த தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையில் பரிசோதித்தவர் நாவலர். பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு வேலை, இரண்டு பெயர், இரண்டும் முகப்பிலே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இருந்த இந்த நேர்மை, இன்றைய ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் "மொழித்திருத்தம் செய்து உதவிய ஆசிரியருக்கும்" என்ற அரை வரியாகச் சுருங்கிவிட்டது. பல ஏடுகளில் அந்த அரை வரியும் இல்லை.

தாமோதரம்பிள்ளையிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று அவர் பதிப்பித்த நூல்களின் பதிப்புரைகளைப் படித்தால், ஏடு எங்கே கிடைத்தது, எந்த இடம் சிதைந்திருந்தது என்பதைச் சொல்லிக்கொண்டு போவதைக் காணலாம். பொருளதிகாரத்தின் கடைசி இயல்களுக்குரிய உரையை அவர் நச்சினார்க்கினியருடையதென்று கொண்டார். அது பேராசிரியர் உரை என்று பின்னர் ரா. இராகவையங்கார் முதலானோர் காட்டினர். பெரிய பிழைதான். ஆனால் அவர் மூலத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றி எழுதாமல் கிடைத்தபடி தந்ததனால், பின்னால் வந்தவர்கள் அதே பதிப்பை வைத்துக்கொண்டே பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. திருத்துபவர் தவறலாம், தவறைக் கண்டுபிடிக்கிற தடயத்தை அழித்துவிடக் கூடாது.

நம் பக்கத்துக்கு வந்தால், உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் முதன்முதல் அச்சேறியது காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிமின் உழைப்பால். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள், அதிலும் அறபுப் பெயர்களும் சொற்களும் தமிழ் யாப்புக்குள் நிற்கிற பாட்டுகள். மார்க்கமும் அறபும் அறிந்த ஆலிமும், யாப்பறிந்த புலவரும் ஒரே ஆளாக இருந்தபடியால்தான் அந்த வேலை நடந்தது. இந்த இரட்டைப் பயிற்சி இன்று அருகிவிட்டது. தமிழ் தெரிந்த திருத்துநருக்கு அறபு தெரிவதில்லை; மௌலவிமாரிடம் கொடுத்தால் சந்தி போய்விடுகிறது.

இதைவிட நெருக்கமான முன்மாதிரி ஹதீஸ் கலையில் இருக்கிறது. மதரசாவில் ஓதியவர்களுக்கு இப்னுஸ் ஸலாஹின் (ஹிஜ்ரி 643 / கி.பி. 1245இல் மறைந்தவர்) "முகத்திமா" தெரிந்திருக்கும். அதன் இருபத்தைந்தாவது வகை ஹதீஸை எழுதுவது பற்றியது. அதை நான் ஒரு மௌலவி நண்பரோடு இருந்து வாசித்தபோது, இது சரவை பார்ப்பவருக்கென்றே எழுதப்பட்ட கைநூல்போல எனக்குப் பட்டது. எழுதியதை மூலத்தோடு ஒப்பிடுவதற்கு "முகாபலா" என்று பெயர். ஒப்பிடாத எழுத்து எழுதாததற்குச் சமம் என்ற கருத்தில் உர்வா இப்னு ஸுபைர் தம் மகனிடம் பேசியதாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வட்டம் போட்டு, ஒப்பிட்டு முடித்த பிறகே அதற்குள் புள்ளி வைக்கும் வழக்கத்தைக் கதீபுல் பக்தாதி விரும்பினார். வெறும் வட்டமென்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். என்ன எளிமையான ஏற்பாடு!

அதைவிட முக்கியமானது இரண்டு குறிகள். பார்ப்பவருக்குப் பிழைபோலத் தோன்றும், ஆனால் உண்மையில் சரியான சொல்லின் மேல் "ஸஹ்ஹ" என்று எழுதிவிடுவார்கள். பின்னால் வருகிற அவசரக்காரர் அதைத் "திருத்தி"விடாதபடி. மற்றது "தள்பீப்". அறிவிப்பு இப்படித்தான் வந்திருக்கிறது, ஆனால் சொல்லிலோ பொருளிலோ குறை தெரிகிறது என்றால், அந்த இடத்தின் மேல் ஸாத் எழுத்தின் தலையைப்போல ஒரு கோடு நீட்டிவிட்டு, சரியென்று தாம் நினைப்பதை ஓரத்தில் எழுதுவார்கள். மூலத்தை அழிக்கமாட்டார்கள். பிழையென்று தெரிந்தும் கைவைக்காமல் குறி மட்டும் போட்டுவிட்டு நகர்வதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்! இன்றைய கணினியில் "மாற்றங்களைக் காட்டு", "ஓரக்குறிப்பு" என்று இருக்கிற வசதிகள் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் நம்மவர் பலர் அவற்றைத் திறப்பதில்லை. மூலக்கோப்பின் மேலேயே எழுதி, அழித்து, சேமித்துக் கொடுத்துவிடுகிறோம். எது பிள்ளையின் வசனம், எது வாத்தியாரின் வசனம் என்று பிறகு எவருக்கும் தெரியாது.

இனி, நம் ஏடுகளிலும் ஆய்விதழ்க் கட்டுரைகளிலும் நான் திரும்பத் திரும்பக் காணும் குறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது எழுத்துருக் கோளாறு. இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய கடைகள் இன்னும் உண்டு. பாமினியில் சதுர அடைப்புக்குறி விசைகளில் "ஜ"வும் "ஸ"வும் இருக்கின்றன. ஆகவே அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டிய ஆண்டு "ஜ1990ஸ" என்று வந்து நிற்கும். ஆங்கிலத் தலைப்புள்ள நூலொன்றைத் துணைநூற் பட்டியலில் சேர்த்து, முழுக்கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றினால் ஆங்கிலமெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். ஆங்கிலத்தின் சாதாரண "த" என்ற சுட்டுச்சொல் "வாந" என்று காட்சி தரும். இப்படியொரு பக்கத்தை அச்சிட்டுக் கட்டி, கையெழுத்தும் வாங்கி ஒப்படைத்ததை நான் கண்டிருக்கிறேன். சிரிப்புக்குரிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் கிரந்த எழுத்துகள் அதிகம் வருவது நம் பெயர்களில்தான். ஹனீபாவும் ஷரீபும் ஜலீலும்தான் இந்தக் கோளாறில் முதலில் அடிபடுகிறவர்கள்.

இரண்டாவது, பெயரும் ஒலிபெயர்ப்பும். ஒரே ஏட்டில் "முஹம்மது", "முகம்மது", "முஹம்மத்", "மொஹமட்" நான்கையும் கண்டேன். நான்கும் ஒரே ஆள். றமழான், ரமழான், ரமலான், ரமதான் என்று ஒரு மாதம் நான்கு மாதமாகிறது. ழுஹர், ளுஹர், லுஹர் என்று ஒரு தொழுகை மூன்றாகிறது. இதில் எது சரி என்பது வேறு விவாதம். தென்னிந்திய வழக்கும் நம் வழக்கும் ஒன்றல்ல. ஆய்வேட்டுக்கு வேண்டியது ஒருமைப்பாடு. திருத்துபவர் முதல்நாளே ஒரு தாளில் "இந்த ஏட்டில் இப்படித்தான் எழுதுவோம்" என்று இருபது முப்பது சொற்களைப் பட்டியல் போட்டு எழுதியவருடன் பேசி முடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு விதிவிலக்கு: ஆளொருவர் தம் பெயரை எப்படி எழுதினாரோ, ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அதைத் தொடக் கூடாது. காணி உறுதியில் "மீராசாகிபு" என்றிருந்தால் அது மீராசாகிபுதான். "மீரா ஸாஹிப்" என்று செம்மைப்படுத்தினால் நாளைக்கு அந்த உறுதியைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

மூன்றாவது, நடை ஊதல். "போனார்கள்" என்று பிள்ளை எழுதியிருக்கும். திருத்துபவர் "பயணத்தினை மேற்கொண்டிருந்தனர்" என்று ஆக்குவார். "ஆராய்ந்தேன்" என்பது "ஆய்வுக்குட்படுத்தப்பட்டதாகக் காணப்படுகின்றது" என்று நீளும். இதைச் செய்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற தமிழ் வாத்திமார். வசனம் நீண்டால் ஆய்வு கனக்கும் என்றொரு எண்ணம். யார் செய்தது என்ற எழுவாய் அதில் காணாமல் போய்விடுகிறது. "முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை இடம்பெற்றது" என்று ஓர் ஏட்டில் வாசித்தேன். மழை பெய்ததுபோல அது "இடம்பெற்றிருக்கிறது". வெளியேற்றியவர் யாரென்று அந்த வசனத்தில் இடமில்லை. பிள்ளை முதலில் எழுதிக் கொடுத்த வரைவில் எழுவாய் இருந்தது என்று பிறகு அறிந்தேன்.

நான்காவது, இப்போது புதிதாக வந்திருக்கும் இயந்திரத் திருத்தம். நல்ல பயன் அதில் இருக்கிறது. ஒற்றுப்பிழை பிடிக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தைச் சீராக்குகிறது. ஆனால் அதற்கு நம் வீட்டுச் சொற்கள் பழக்கமில்லை. ஒரு மாணவர் கொண்டுவந்த அத்தியாயத்தில் "கத்தம் ஓதினார்கள்" என்பது "சத்தம் ஓதினார்கள்" என்றாகியிருந்தது. இன்னொன்றில், இல்லாத நூலொன்று துணைநூற் பட்டியலில் ஆண்டு, பக்கத்தோடு அழகாக உட்கார்ந்திருந்தது. ஆய்வு வெளியீட்டு ஒழுக்கம் பற்றிய கோப் என்ற சர்வதேசக் குழு 2023இலேயே இத்தகைய கருவிகளை ஆசிரியராகக் காட்ட முடியாது, எழுதியதற்குப் பொறுப்பு மனிதருக்கே என்று அறிவித்துவிட்டது. பொறுப்பு என்ற அந்தச் சொல்லைத்தான் நான் இங்கே பிடித்துக்கொள்கிறேன். இயந்திரத்துக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்து முகாமொன்றிலே வளர்ந்து, படித்து, தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்து, யுத்தம் முடிந்த பிறகு சோனகதெருப் பக்கம் திரும்பி வந்தவன் நான். அந்த நாளைப் பற்றி ஆய்வு செய்த பிள்ளையொருத்தி தன் ஏட்டை என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் ஊரவர்களின் மகள்தான், புத்தளத்தில் பிறந்தவள். முதியவர்களைச் சந்தித்து, குரலைப் பதிவுசெய்து, கேட்டபடி எழுதி ஏட்டில் சேர்த்திருந்தாள். அதில் ஒரு மூதாட்டி, அவளுக்கு மாமி முறையானவர், சொன்னது இப்படி இருந்தது:

"வாப்பா மௌத்தாகி நாப்பது முடியேல்ல. உம்மா இத்தாவில இருந்தா. கந்தூரிக்கு வச்ச அரிசியோட வீட்ட விட்டிட்டு வந்தம்."

நான் இதை என்ன செய்தேன் தெரியுமா? "தந்தையார் காலமாகி நாற்பது நாட்கள் நிறைவடைந்திருக்கவில்லை. தாயார் துக்கம் காத்துக்கொண்டிருந்தார். விருந்துக்கென வைத்திருந்த அரிசியுடன் வீட்டை விட்டு வெளியேறினோம்" என்று ஆக்கினேன். பரீட்சகர் முஸ்லிமாக இல்லாமலிருக்கலாம், எல்லாருக்கும் விளங்கட்டும் என்பது என் நினைப்பு. உண்மையில் அவ்வளவுகூட நினைக்கவில்லை. இரவு பதினொரு மணி, கை பழக்கத்தில் ஓடியது. பிள்ளையும் வாத்தியார் திருத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அச்சிட்டுக் கட்டிவிட்டாள்.

கட்டிய புத்தகத்தை அவள் அந்த மாமிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மூன்று வரியையும் கேட்டுவிட்டு அவர் கேட்டாராம்: "நான் அரிசியத் தூக்கிக்கொண்டு வந்தனெண்டா சொன்னன்? அரிசி கிடக்கக் கிடக்க, வீட்ட அப்பிடியே விட்டிட்டெல்லோ வந்தம்!"

மறுநாள் பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். கோபிக்கவில்லை. "சேர், ரெக்கோடிங்க நீங்க கேக்கேல்லத்தானே?" என்று மட்டும் கேட்டாள். கேட்கவில்லைத்தான். கேட்டுப்பார்த்தேன். "அரிசியோட வீட்ட" என்று இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்துச் சொல்லி, பிறகு சற்று நிறுத்தி, "விட்டிட்டு வந்தம்" என்கிறார். அரிசி உள்ள வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தோம் என்பது பொருள். "ஓடு" என்ற மூன்றாம் வேற்றுமை உருபு வீட்டோடு ஒட்டுகிறதா, வந்தவர்களோடு ஒட்டுகிறதா என்பதில்தான் முழுச் சங்கதியும் இருக்கிறது. உடனிகழ்ச்சிப் பொருளை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவன் நான்! பேச்சு வசனத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது. குரல் அதில் ஒன்றைத் தெரிந்து கொடுத்தது. என் செந்தமிழ் மற்றதைத் தெரிந்து நிலைநிறுத்திவிட்டது. எதையும் எடுத்துவர விடவில்லை என்று அதே ஏட்டில் மற்றவர்கள் சொல்லியிருக்க, இந்த மூதாட்டி மட்டும் அரிசி மூட்டையோடு வந்ததாக என் திருத்தம் சொன்னது. நாளைக்கு ஒருவர் இதைத் தூக்கிக் காட்டி, "இவர்களின் சாட்சியமே ஒன்றுக்கொன்று முரண்" என்று எழுதினால் நான் என்ன பதில் சொல்வேன்?

அரிசி ஒன்றுதான் பிழையென்று நினைக்க வேண்டாம். "இத்தா"வை "துக்கம்" என்று மாற்றியது அதைவிடப் பெரிய இழப்பு. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டில் தரித்திருக்க வேண்டிய காலம் இத்தா. அந்தக் காலத்துக்குள் இருந்த பெண்ணைத் தெருவில் இறக்கிவிட்டார்கள் என்பதைத்தான் அவர் அந்த ஒற்றைச் சொல்லில் சொல்லியிருந்தார். துக்கம் எல்லாருக்கும் உண்டு; அதைத் தெருவிலும் சுமக்கலாம். இத்தாவைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது. அதேபோல் கந்தூரியை விருந்தாக்கியதில் அந்த அரிசி யாருடைய பெயரால் வைக்கப்பட்டிருந்தது என்பது போய்விட்டது. "நாப்பது" என்பது நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் என்பதும் போய்விட்டது.

இலக்கணம் என்னைத் தடுத்திருக்க வேண்டும். தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தது. நன்னூல் இயல்பு வழக்கோடு தகுதி வழக்கையும் சொல்லி, மங்கலம் என்றும் குழூஉக்குறி என்றும் பிரித்தது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலமென்றால், நாம் மௌத்து என்பதும் அவ்வகைதானே? யாழ்ப்பாணத்துப் பண்டித மரபில் பயின்ற நமக்கு வகுப்பறைத் தமிழ் மட்டுமே தமிழென்று ஒரு கண்ணாடி மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியால் பார்த்தால் நம் உம்மாமாரின் பேச்சு முழுவதும் வழுவாகத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பேராதனையிலும் மொழியியல் கற்பித்த எம். ஏ. நுஃமானின் "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" என் மேசையில் எப்போதும் இருக்கிறது. பேச்சும் எழுத்தும் இரண்டு வழக்குகள், ஒன்றுக்கு மற்றதன் விதியைப் போட்டு அளக்கக் கூடாதென்ற மொழியியல் பாடம் எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் வெட்கம்.

பிள்ளை அந்தப் பக்கங்களை மாற்றித் திரும்பக் கட்டினாள். நான் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். புத்தகக் கட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாட்சியம் உள்ள ஏடு எதையும் பதிவைக் கேட்காமல் நான் தொடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதலாம், அடிக்குறிப்பில் இத்தா என்றால் என்னவென்று சொல்லலாம். ஆனால் பேசியவரின் சொல் பேசியவருடையது.

இதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்கலாம். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990இல் நம் வீடுகளிலிருந்த உறுதிகள், கலியாணப் பதிவுகள், கிதாபுகள், குடும்பப் படங்கள் பலவும் போயின. எஞ்சியிருப்பது முதியவர்களின் ஞாபகம். அவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகி வருகிறார்கள். இப்போது பிள்ளைகள் எழுதுகிற ஏடுதான் நாளைக்கு ஆதாரம். எண்ணிமப்படுத்தி இணைய நூலகத்தில் ஏற்றினால் உலகெங்கும் அதே பிழை போகும். திருத்தியவர் விட்ட ஓர் எழுத்து, முப்பதாந் திகதியை மூன்றாந் திகதியாக்கினால், அடுத்த ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டுவார். அவரை இன்னொருவர் காட்டுவார். குர்ஆன் பிரதியில் ஒரு புள்ளி பிசகினால் பதறுகிற சமூகம் நாம். அந்தப் பதற்றத்தில் நூறில் ஒரு பங்காவது நம் வரலாற்று ஏட்டுக்கும் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். "காசு கொடுத்துத் திருத்துவிப்பதே களவு" என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. முகாமில், கொட்டில் பள்ளிக்கூடத்தில், பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் படித்து வந்த பிள்ளைக்கு ஒற்று எங்கே மிகும் என்று தெரியாதது அதன் குற்றமில்லை. அதற்குச் சொல்ல விஷயமிருக்கிறது. அந்த விஷயம் ஒற்றுப்பிழையால் தள்ளப்படக் கூடாது. திருத்துபவருக்குக் கூலி கொடுப்பதும் முறைதான். களவு எங்கே தொடங்குகிறதென்றால், அத்தியாயத்தையே எழுதிக் கொடுப்பதிலும், திருத்திய கையை மறைப்பதிலும் தொடங்குகிறது. முழு ஏட்டையும் எழுதித் தரச்சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அது அமானிதத்தை விற்பது. செய்பவரும் வாங்குபவரும் சமம்.

ஆகவே நான் கேட்பது பெரிய நிறுவனம் எதையும் இல்லை. திருத்த எடுக்கும்போது எதுவரை திருத்துவேன் என்று ஒரு தாளில் எழுதி, மேற்பார்வையாளரும் அதை அறியட்டும். மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும்படி கோப்பைக் கொடுப்போம். ஏற்பதும் விடுவதும் எழுதியவர் கையில் இருக்கட்டும். ஐயமுள்ள இடத்தில் மாற்றாமல் ஓரத்தில் கேள்வி எழுதுவோம். அது நமது தள்பீப். சாட்சியம், ஆவணம், கல்வெட்டு ஆகியவற்றை மூலத்தோடு முகாபலா செய்யாமல் விடமாட்டோம். திருத்தியவர் பெயரும் அவர் செய்த வேலையும் ஏட்டில் வரட்டும். பழைய தமிழ் நூல்களின் கடைசியில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதை வெட்கமாக நினைத்து நாம் கைவிட்டுவிட்டோம். இந்தச் சஞ்சிகை உட்பட நம் ஆய்விதழ்கள் ஒவ்வோர் இதழிலும் முந்திய இதழின் பிழைகளுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கினால் அதுவே நல்ல தொடக்கம்.

இதை எழுதும்போது மேசையில் இன்னோர் ஏடு காத்திருக்கிறது. ஓட்டுமடத்திலிருந்து போன குடும்பங்களைப் பற்றியது. பிள்ளை இம்முறை தாளோடு ஒலிப்பதிவுகளையும் கொண்டுவந்து தந்திருக்கிறது. முதலாவது சாட்சியத்தை நேற்றிரவு கேட்டு முடித்தேன். அதன் முடிவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே புள்ளி வைத்திருக்கிறேன். இன்னும் பதினாறு இருக்கின்றன.